ராசிபுரத்து நெய்யும் ஆல்ப்ஸ் மலைப் பாலாடைக்கட்டியும்

பரப்பு இழுவிசை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. நீர்க்குமிழிகளுக்கு எடுத்துக்காட்டாக, ஸ்விட்சர்லாந்து நாட்டின் எம்மென்டால் பாலாடைக்கட்டியின் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டினேன். வெட்டிய முகப்பில் கோலிக்குண்டு அளவில் துளைகள் இருக்குமே, அந்தக் கட்டிதான். ஓமலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவர் எழுந்தார். அவர் வீட்டில் பத்துப் பதினைந்து வெள்ளாடுகள் உண்டு.

"சார், மாடும் ஆடும் நம்மிடமும் காலங்காலமாக இருக்கின்றன. நம் முன்னோர்களுக்கு மட்டும் ஏன் இதைச் செய்யத் தெரியவில்லை?"

"பாலைக் கட்டியாக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி வேண்டும். நம்மவர்கள் அதைத் தொட மாட்டார்கள். அதனால்தான்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பினேன்.

மறுநாள் அவர் விடவில்லை. "செடியாலும் பாலைத் திரிக்கலாமாமே சார்?" என்றார். அவர் சொன்னது சரி. நம் சித்த மருந்துகளில் சேரும் அமுக்கராவுக்கு விதானியா கோயாகுலன்ஸ் என்றொரு உறவுச்செடி உண்டு. இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலும் பாகிஸ்தானிலும் வளர்வது. அதன் காய்களைக் கொண்டு பாலைக் கட்டியாக்கும் வழக்கம் அங்கே பழையது. ஆக, நான் சொன்ன விடை அரைகுறை விடை. முழு விடையைத் தேடிப் போனபோது, பாதிக்கு மேல் இயற்பியலாகவே இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் பாலின் தொல்லை என்ன என்று பார்ப்போம். பசும்பாலானாலும் வெள்ளாட்டுப் பாலானாலும் 100 பங்கில் ஏறத்தாழ 87 பங்கு நீர். நீரும் சர்க்கரையும் புரதமும் ஒன்றாக இருக்குமிடம் நுண்ணுயிர்களுக்கு விருந்துக்கூடம். பாலைச் சேமிக்க வேண்டுமென்றால் அந்த நீரை விரட்ட வேண்டும். உலகில் பாலை வைத்துப் பிழைத்த மக்கள் எல்லோரும் செய்தது இந்த ஒன்றைத்தான். விரட்டிய வழிதான் வேறு வேறு.

நமது சமவெளியின் வழி நெய். நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம் நெய்க்குப் பெயர் போனது. சற்று மேற்கே போனால் ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் போனது. வெண்ணெய் காய்ச்சுவதை அடுப்பருகே நின்று கவனித்திருக்கிறீர்களா? வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர். அந்த நீர் கொதித்து ஆவியாகும் வரையில் சடசடவென்று ஓசை கேட்கும். வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைச் சிறிதே தாண்டி அங்கேயே நிற்கும். கொடுக்கும் வெப்பமெல்லாம் உள்ளுறை வெப்பமாகச் செலவாகிறது. நீர் தீர்ந்ததும் ஓசை அடங்கும், வெப்பநிலை விறுவிறுவென ஏறும். அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போடுவார். இலையிலுள்ள நீர் மீண்டும் சடசடத்துக் கொதிக்கும். நல்ல நெய்யில் மிஞ்சும் நீர் 100-க்கு அரைப் பங்குகூட இருக்காது. அதில் எந்த நுண்ணுயிரும் பிழைக்க முடியாது. 38 டிகிரி வெயிலடிக்கும் சேலத்துச் சித்திரையிலும் நெய்ச்சாடி அலமாரியில் பத்திரமாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் நெய்யில் காப்பாற்றப்படுவது கொழுப்பு மட்டுமே. புரதம் முழுவதும் மோரில் போய்விடுகிறது. மோரை அன்றே குடித்துவிடுகிறோம். இதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை. வெயில் காலத்தில் மோரிலுள்ள நீரும் தேவைதான். நாளைக்கும் மாடு கறக்கும். புரதத்துக்குத் துவரையும் அவரையும் கொள்ளும் இருக்கின்றன.

இப்போது ஆல்ப்ஸ் மலைக்குப் போவோம். அங்கே நிலைமை தலைகீழ். குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலமெல்லாம் பனியின் கீழ். ஜூன் மாதம் பனி விலகியதும் மாடுகளையும் ஆடுகளையும் உயரத்திலுள்ள புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். செப்டம்பர் வாக்கில் இறக்குவார்கள். அந்த மூன்று நான்கு மாதங்களில் கறக்கும் பால்தான் ஆண்டு முழுமைக்கும் வழி. பாலைக் குடிக்க மலைமேல் ஆளில்லை. கீழே கொண்டுசெல்லப் பாதையுமில்லை. ஆகவே கொழுப்பு, புரதம் இரண்டையும் சேர்த்து, நீரை மட்டும் நீக்கி, கெடாமலும் சுமக்கத் தகுந்ததாகவும் ஆக்க வேண்டியிருந்தது. சுமார் 12 லிட்டர் பால் 1 கிலோ எம்மென்டால் ஆகிறது. அதில் எஞ்சும் நீர் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவே.

காய்ச்சாமல், பிழியாமல், பாலிலிருந்து இவ்வளவு நீரை எப்படி வெளியேற்றுகிறார்கள்? பாலின் முக்கியப் புரதம் கேசின். அது மிக நுண்ணிய உருண்டைகளாகப் பாலில் மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டையின் மேலும் எதிர்மின்னூட்டம் கொண்ட மெல்லிய மயிர்ப்படலம் உண்டு. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த விலக்கு விசை இருக்கும் வரை உருண்டைகள் ஒட்டாமல் மிதக்கின்றன. பால் பாலாகவே இருக்கிறது. ரென்னட் என்னும் நொதி அந்த மயிர்ப்படலத்தைச் சவரம் செய்ததுபோல் மழித்துவிடுகிறது. விலக்கு விசை போயிற்று. உருண்டைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலைபோல் ஆகின்றன. 32 டிகிரியில் அரை மணி நேரத்தில் பால் உறைந்துவிடும்.

அடுத்து, யாழ் போலக் கம்பிகள் கட்டிய ஒரு சட்டத்தால் அதைக் கோதுமை மணி அளவுக்கு வெட்டுகிறார்கள். ஏன் தெரியுமா? 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தின் புறப்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே அரை சென்டிமீட்டர்த் துண்டுகளாக வெட்டினால் 8000 துண்டுகள். மொத்தப் பரப்பு 12,000. இருபது மடங்கு! நீர் வெளியேற அத்தனை வாசல்கள் திறந்தாயிற்று. பின்னர் செப்புக் கொப்பரையில் 53 டிகிரி வரை சூடாக்கிக் கிளறுகிறார்கள். வலை சுருங்கி நீரைக் கக்குகிறது. கொப்பரை செம்பில் இருப்பதும் காரணத்தோடுதான். நம் எவர்சில்வர் பாத்திரத்தைவிடச் செம்பு சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஓரிடத்தில் மட்டும் சூடேறி அடிப்பிடிக்காது.

பிறகு துணியில் அள்ளி, அழுத்தி, உப்புநீரில் ஊறவைத்து, நிலவறையில் மாதக்கணக்கில் அடுக்குவார்கள். ஓர் எம்மென்டால் சக்கரம் 100 கிலோ அளவுக்கு இருக்கும். அதற்கு 1000 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். ஒரு வீட்டுப் பால் போதாது. அதனால் ஊரே பாலைச் சேர்த்து ஒரே கொப்பரையில் ஊற்றியது. நமது பால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இவர்களைத் தூரத்து மூத்தவர்கள் எனலாம்.

துளைகளின் கதையை இங்கே சொல்லாவிட்டால் என் மாணவர்கள் கோபித்துக்கொள்வார்கள். நிலவறைக்கு அனுப்புமுன் எம்மென்டாலைச் சில வாரங்கள் 20 டிகிரிக்கு மேற்பட்ட கதகதப்பான அறையில் வைப்பார்கள். ஒருவகை பாக்டீரியா அதனுள்ளே கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகிறது. அந்த வாயு குமிழியாகத் திரள்கிறது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு குமிழிக்குள் இருக்கவேண்டிய மிகை அழுத்தம், பரப்பு இழுவிசையின் இரு மடங்கை ஆரத்தால் வகுத்தது. ஆரம் 1 மைக்ரான் என்றால் மிகை அழுத்தம் ஏறக்குறைய 1 வளிமண்டலம். ஆரம் அதில் நூறில் ஒரு பங்கானால் 100 வளிமண்டலம்! ஒன்றுமில்லாத இடத்தில் புதிதாகக் குமிழி பிறக்க முடியவே முடியாது. ஏற்கெனவே சிறிது காற்றுள்ள ஒரு பொந்து வேண்டும். அந்தப் பொந்து எது? 2015-இல் ஸ்விஸ் நாட்டின் ஆக்ரோஸ்கோப், எம்பா ஆகிய ஆய்வு நிறுவனங்கள் பாலாடைக்கட்டியை ஊடுகதிர்ப் படமெடுத்துக் கண்டறிந்த விடை: வைக்கோல் தூசி! தொழுவத்தில் கறக்கும்போது பாலில் விழும் புல்துகளின் நுண்குழல்களில் காற்று தங்குகிறது. குமிழி அங்கிருந்து தொடங்குகிறது. மூடிய கறவை இயந்திரங்கள் வந்து பால் சுத்தமானதும் துளைகள் குறைந்துபோனதற்கும் இதுவே காரணம். சோடாப் பாட்டிலில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் நுரை பொங்குவதும் இதே இயற்பியல்தான்.

சரி, மாணவரின் கேள்விக்கு வருவோம். இந்த வேலையை ராசிபுரத்தில் செய்தால் என்ன ஆகும்?

முதல் தடை அடுப்பிலேயே இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் கறந்த பாலைக் காய்ச்சாமல் வைத்தால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். எனவே கறந்தவுடன் காய்ச்சுவது நம் வழக்கம். பாலைக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள மற்றொரு வகைப் புரதம் உருக்குலைந்து கேசின் உருண்டைகளின் மேல் போர்வைபோல் படிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ரென்னட் தன் வேலையைச் செவ்வனே செய்ய முடியாது. கட்டி உறுதியாக உறையாது. அதே போர்வை, புளிக்கவைத்து உறையவைக்கும் தயிருக்கோ நன்மை செய்கிறது. காய்ச்சிய பாலில்தான் தயிர் கெட்டியாக இருக்கும். கவனித்தீர்களா? பாலைக் காய்ச்சிய அன்றே நாம் ஆல்ப்ஸ் வழியை விட்டு விலகித் தயிர் வழியில் இறங்கிவிட்டோம்.

இரண்டாவது தடை நிலத்தின் அடியில் இருக்கிறது. பாலாடைக்கட்டி முதிர 10 முதல் 15 டிகிரி வரை குளிர்ந்த, ஈரமான அறை வேண்டும். "கிணற்றுக்குள் குளுகுளு என்றுதானே இருக்கும்?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஏப்ரல் மாதம் மாணவர்களோடு சென்று, 50 அடிக் கிணற்றில் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். நீரின் வெப்பநிலை 28 டிகிரி! வெளியே 38 இருந்ததால் குளிர்ச்சியாகத் தோன்றியது; மார்கழி விடியலில் அதே நீர் வெதுவெதுப்பாக இருக்கும். கோடை வெப்பமும் வாடைக் குளிரும் மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேய்ந்துவிடுகின்றன. பத்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆண்டின் சராசரி வெப்பநிலைதான் எப்போதும் நிலவும். சேலத்தின் சராசரி 28-ஐ ஒட்டியது. ஆகவே எவ்வளவு தோண்டினாலும் 28-க்குக் கீழே போக முடியாது. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் அந்தச் சராசரி 10-க்கு அருகே. அங்கே நிலவறை தோண்டினால் இயற்கையே குளிர்ப்பெட்டியாகிறது.

தோண்ட முடியாவிட்டால் ஏறலாம். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. சேலத்தின் உயரம் சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1500. கணக்கிட்டால் ஏற்காட்டின் சராசரி 20 வருகிறது. எம்மென்டாலுக்குத் துளை போடலாம், முதிரவைக்க முடியாது! கொடைக்கானல் 2100 மீட்டர். சராசரி 16-ஐ ஒட்டி வரும். தமிழ்நாட்டில் பாலாடைக்கட்டிக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம் கொடைக்கானலாக இருப்பது தற்செயல் இல்லை என்று இப்போது தெரிகிறதல்லவா? கடல்மட்டத்துக்கருகில் ஆரோவில்லிலும் செய்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் பெரிய ஆலையே இருக்கிறது. அங்கெல்லாம் குளிரைத் தருவது மலையன்று, மின்சாரம்.

இதுவரை சொன்னது மாட்டுப்பால். கேள்வி கேட்டவர் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவருக்கு இன்னும் விடை சொல்லவில்லை.

வெள்ளாட்டுப் பாலில் நெய் வழியும் எளிதில் திறப்பதில்லை. பாலிலுள்ள கொழுப்புத் திவலைகளின் சராசரி விட்டம் எருமைப்பாலில் 5 மைக்ரான், பசும்பாலில் 4, வெள்ளாட்டுப் பாலில் 3-ஐ ஒட்டி இருக்கும் என்று கொள்ளுங்கள். இனத்துக்கும் தீனிக்கும் ஏற்ப இது கொஞ்சம் மாறும். ஸ்டோக்ஸ் விதிப்படி திவலை மேலெழும் வேகம் விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 25, 16, 9 என்ற விகிதம் வருகிறது. எருமைப்பாலின் ஏடு ஒன்றரை அங்குலம் திரளும் நேரத்தில் ஆட்டுப்பாலின் திவலை பாதி வழிகூட வந்திருக்காது. மேலும், குளிர்ந்த பச்சைப் பசும்பாலில் திவலைகளைக் கொத்துக்கொத்தாகச் சேர்க்கும் பசை போன்ற ஒரு புரதம் உண்டு. ஆட்டுப்பாலில் அது இல்லை. கடைந்தாலும் சிறு திவலைகள் ஒன்றையொன்று மோதி ஒட்டுவது குறைவு. என் அம்மாயி எங்கள் வீட்டு ஆட்டுப்பாலை உறை ஊற்றிப் பார்த்திருக்கிறார். எருமைத் தயிரைக் கத்தியால் வெட்டலாம். ஆட்டுத் தயிரோ கரண்டியிலிருந்து வழியும். "இது தயிருமில்லை, மோருமில்லை" என்று சலித்துக்கொள்வார். ஆட்டுப்பாலில் கேசின் சற்றுக் குறைவு. அதன் கூறுகளின் விகிதமும் வேறு. அதனால் வலை தளர்வாகப் பின்னுகிறது.

இந்தத் தளர்ந்த தயிரைத்தான் பிரான்சின் லுவார் ஆற்றுப் பகுதி மக்கள் பெருமையாக மாற்றினார்கள். அங்கே ஏழை வீடுகளிலும் சில ஆடுகள் இருக்கும்; நாளுக்குச் சில லிட்டர் பால். 100 கிலோ சக்கரத்துக்கு எங்கே போவது? பாலைப் புளிக்கவைத்து, பேருக்குத் துளி ரென்னட் சேர்த்து, ஒரு நாள் முழுதும் தானே உறையவிட்டார்கள். அந்த மென்மையான தயிரை வெட்டாமல், கிளறாமல், ஓட்டை போட்ட சிறு அச்சுகளில் மெல்ல அள்ளி வைத்தார்கள். நீர் தன் எடையாலேயே வடிகிறது. குரோத்தன் என்னும் கட்டி 60 கிராம்தான். நம் ஊர் லட்டு அளவு. சேன்த்-மோர் என்பது உருளை வடிவம், நடுவே ஒரு வைக்கோல் தண்டு. வலன்சே உச்சி வெட்டிய பிரமிடு. மேலே சாம்பல் பூசியிருக்கும். இவை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். பசு தன் தீனியிலுள்ள மஞ்சள் நிறமியில் ஒரு பகுதியை அப்படியே பாலில் விடுகிறது. ஆடு அதை முழுவதும் நிறமற்ற வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது.

அந்தக் கிடா வாடையும் வேதியியலில் பெயர் பெற்றது. காப்ரோயிக், காப்ரிலிக், காப்ரிக் என்ற மூன்று கொழுப்பு அமிலங்களின் பெயரும் ஆட்டைக் குறிக்கும் காப்ரா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தவை.

ஆக, ஆல்ப்ஸ் சக்கரத்துக்கும் நமக்கும் இடையே இமயமளவு தூரம் இருந்தாலும், லுவார் ஆட்டுக்கட்டிக்கும் துணியில் கட்டித் தொங்கவிட்ட நம் தயிருக்கும் இடையே இருப்பது வாய்க்கால் அளவு தூரமே. அப்படியானால் சேலத்து ஆடுகளை வைத்து அதைச் செய்யலாமே என்று கேட்டால், கணக்கு இடிக்கிறது. இப்பகுதிக்கே உரிய சேலம் கருப்பு இனம், பெயருக்கேற்ப உடல் முழுதும் கருப்பு, வறட்சியைத் தாங்கும், ஆனால் இறைச்சிக்கான இனம். குட்டிகள் குடித்தது போக அரை லிட்டர் கறந்தால் பெரிது. ஸ்விட்சர்லாந்தின் சானன் ஆடு நாளுக்கு 3 லிட்டருக்கு மேல் கறக்கும். 1970-களில் கர்னாலிலுள்ள தேசியப் பால் ஆராய்ச்சி நிலையத்தில் சானன், ஆல்பைன் கிடாக்களை நம் நாட்டு பீட்டல் ஆடுகளுடன் கலந்து பால் கூடுதலாகத் தரும் இனங்களை உருவாக்கினார்கள். ஆனால் குளிர்நாட்டு இரத்தம் கூடக் கூட வெயிலும் நோயும் தாங்குவது கடினம். அரை லிட்டருக்காகச் சேலம் கருப்பைக் கைவிட்டு வெயிலில் வாடும் ஆட்டை வாங்குவது அறிவுடைமை என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் கருத்து; நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கப்போகும் உங்களில் யாராவது என்னை மறுக்கலாம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்கு: ஆட்டுப்பாலைக் கட்டாயம் நன்றாகக் காய்ச்சுங்கள். பச்சை ஆட்டுப்பால் வழியே மால்டா காய்ச்சல் எனப்படும் புரூசெல்லா நோய் மனிதருக்குத் தொற்றும். ஆறியதும் உறை ஊற்றுங்கள். தயிரானதும் கொதிநீரில் அலசிய மெல்லிய துணியில் கட்டி, கீழே பாத்திரம் வைத்துக் குளிர்ப்பெட்டிக்குள் ஓர் இரவு தொங்கவிடுங்கள். வடிந்த நீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவு பசும்பால் தயிரையும் பக்கத்தில் தொங்கவிட்டு ஒப்பிடுங்கள். பிறகு எஞ்சியதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு உப்புப் பிசைந்து, இரண்டொரு நாளில் தின்றுவிடுங்கள்.

ஓமலூர் மாணவர் இதைச் செய்துவிட்டார். ஒரு லிட்டர் ஆட்டுப்பாலுக்காக மூன்று ஆடுகளைக் கறந்தாராம். எலுமிச்சம்பழம் அளவில் இரண்டு உருண்டைகளை வாழையிலையில் சுற்றிப் பனிக்கட்டி வைத்த டப்பாவில் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்தார். புளிப்பு நன்றாக இருந்தது. வாடையும் குறைவில்லாமல் இருந்தது. வேதியியல் பேராசிரியர் ஓர் உருண்டையை முழுவதும் தின்றார். கணிதப் பேராசிரியர் ஜன்னலைத் திறந்து வைத்தார்.